கணினித்திரையில் உலோகம்: ஒளி, நிழல், பிரதிபலிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கணினி ஓவியம் கற்க வரும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நான் சொல்லித்தருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பதாகை, தீபாவளி வாழ்த்து ஆகியவற்றை வடிவமைப்பவர்கள். குத்துவிளக்கும் வேலும் நகையும் வெள்ளித்தட்டும் இல்லாமல் அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஓடாது. இணையத்தில் கிடைக்கும் படங்களை வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டுத் தாமே வரைய முற்படும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் வரையும் உலோகம் ஏன் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கைப் போலவே இருக்கிறது?

பள்ளியில் பந்து வரையக் கற்றுக்கொண்ட முறையை உலோகத்துக்கும் பயன்படுத்துவதால்தான். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, இரண்டுக்கும் நடுவே மெல்ல மெல்ல மாறும் சாயல் என்பது சுண்ணாம்பு, களிமண், மாவு உருண்டை போன்ற பொருள்களின் இயல்பு. அவற்றின் மேல் விழும் ஒளி பரப்புக்குள் சற்றே புகுந்து, சிதறி, எல்லாத் திசைகளிலும் வெளியேறுகிறது. அதனால்தான் அவற்றுக்குச் சொந்த நிறமும் மென்மையான நிழலும் கிடைக்கின்றன. உலோகத்துக்குள் அவ்வாறு ஒளி புகுந்து திரும்புவதில்லை. பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது, மீதி உள்ளே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மெருகேற்றிய உலோகத்தில் நாம் காண்பதெல்லாம் அதன் எதிரே இருப்பவற்றின் பிம்பம் மட்டுமே.

ஆகவே, ‘இந்தக் குவளைக்கு என்ன நிறம் போடுவது’ என்று தொடங்கினால் வேலை அங்கேயே தவறிவிடும். ‘இந்தக் குவளை எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது’ என்று தொடங்க வேண்டும். வெள்ளைத் தாளின் நடுவே தனியாக வரைந்த கரண்டி உயிரில்லாமல் தெரிவதற்கும் இதுவே காரணம்: அது பிரதிபலிக்க அங்கே ஒன்றும் இல்லை. இல்லாத அறையை நீங்கள்தான் மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். சன்னல் எங்கே, விளக்கு எங்கே, தரை என்ன நிறம் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொண்ட பிறகே பிரஷைத் தொட வேண்டும் என்பது என் வகுப்பின் ஒரே கட்டாய விதி.

அப்படியானால் உலோகத்துக்கு நிறமே கிடையாதா?

உண்டு; ஆனால் அது பூசிய நிறம் அல்ல, பிம்பத்தின் மேல் ஏறும் சாயம். ரசம் பூசாத கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தன் பரப்பில் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும், அதுவும் நிறம் மாறாமல். உலோகம் 50 முதல் 95 விழுக்காட்டுக்கு மேல்வரை திருப்பும். தங்கமும் செம்பும் நீல ஒளியை அதிகமாக விழுங்கிவிட்டு மீதியைத் திருப்புகின்றன. வெள்ளைச் சுவருக்கு எதிரே நிற்கும்போது அவை தரும் நிறத்தை ஆர்.ஜி.பி. எண்களில் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை எவ்வளவு என்று காட்டுபவை) சொல்வதானால், தூய தங்கம் ஏறத்தாழ 255, 226, 157. செம்பு 250, 209, 194. வெள்ளி 252, 250, 245. இரும்பு 197, 198, 200. தங்கத்தின் எண்ணைக் கண்டதும் ‘இவ்வளவு வெளிறியதா?’ என்று பலரும் திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பு நல்லது. நகைக்கடைச் சங்கிலியில் நாம் காணும் அடர்ந்த பொன்னிறம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தங்கம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எவர்சில்வர் குவளை ஒன்றை முதலிலிருந்து வரைந்து காட்ட முடியுமா?

நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்தில்) தே தாரிக் என்னும் நுரைத் தேநீரை ஆற்றும் குவளை. சாலைக்கு முதுகு காட்டி நாம் அமர்ந்திருக்கிறோம். தேநீர் கலக்குபவரின் மேடையில், நம் கண்மட்டத்தில், ஒரு குவளை நிற்கிறது. அதற்குப் பின்னால் புகைபடிந்த இருண்ட சுவர். நமக்கு வலப்பக்கத் தூணில் செங்குத்தாகப் பொருத்திய ஒரு குழல்விளக்கு. திரையில் குவளையின் அகலம் 200 பிக்சல் என்று கொள்வோம்.

உருளைப் பரப்பு தன்னைச் சுற்றியுள்ள உலகம் முழுவதையும் இடமிருந்து வலமாக நெருக்கிப் பிழிந்து காட்டும். எங்கே எவ்வளவு நெருக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நடுக்கோட்டில் பார்ப்பவரே தெரிவார். நடுவிலிருந்து ஆரத்தில் 71 விழுக்காடு தள்ளிப் போனால் நேர் இடமும் நேர் வலமும் தெரியும். எஞ்சியிருக்கும் 29 விழுக்காட்டுக்குள், அதாவது நம் குவளையில் இருபுறமும் 29 பிக்சல் அகலத்துக்குள், குவளைக்குப் பின்னால் இருக்கும் பாதி உலகம் அடங்கியாக வேண்டும். கடைசி விளிம்பில் தெரிவது, குவளைக்கு நேர் பின்னால் இருக்கும் சுவரேதான்.

இதை வைத்துக்கொண்டு பட்டைகளைப் போடலாம். நடுவில் நம் உருவம்: நீண்டு மெலிந்த, சற்றுக் கறுத்த ஒரு செங்குத்துப் பட்டை, 20 பிக்சல் போதும். அதன் இருபக்கமும் வெயில் காயும் சாலை: அகலமான, வெளிறிய, இலேசான நீலம் கலந்த பட்டைகள். நடுவிலிருந்து வலப்பக்கமாக 50 பிக்சல் தள்ளிக் குழல்விளக்கு: 3 அல்லது 4 பிக்சல் அகலத்தில், மேலிருந்து கீழ்வரை, தூய வெள்ளை. இந்தப் படத்தில் 255 என்ற எண்ணுக்கு உரிமையுள்ள இடம் இது ஒன்றே. விளிம்பை நெருங்கும்போது வண்ணங்கள் வேகமாக மாறி, கடைசிச் சில பிக்சல்களில் பின்சுவரின் கரும்பழுப்பில் முடிகின்றன.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், வெளிச்சத்தை ஒட்டியே இருட்டு வருகிறது. இரண்டுக்கும் நடுவே நீண்ட சாயல் இல்லை. மென்மையான பிரஷை வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு உலோகம் கைகூடாததற்கு இதுவே காரணம். பிரஷின் ஹார்ட்னஸை (ஓரக் கூர்மையை) 80 விழுக்காட்டுக்கு மேல் வையுங்கள். பட்டைகளின் ஓரத்தைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் இலேசாகக் கலையுங்கள்.

இன்னொன்று. இதே குவளை நம் மேசை மேல் இருந்து, நாம் மேலிருந்து குனிந்து பார்த்தால் கதையே வேறு. பார்வை கீழ்நோக்கிச் சென்று குவளையில் பட்டுக் கீழ்நோக்கியே திரும்புவதால், குவளையின் உடல் முழுவதும் மேசைப் பலகையே தெரியும். கூரை விளக்கு, வளைந்து திரும்பும் வாய் விளிம்பில் மட்டும் ஒரு கீற்றாக மின்னும். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் குவளையை வரைந்துவிட்டுச் செங்குத்தான வெள்ளைப் பட்டைகளை ஒட்டிவைப்பது நான் அடிக்கடி திருத்தும் பிழை.

குவளையைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் எடுப்பாகத் தெரியுமே?

எடுப்பாகத் தெரியும், உலோகமாகத் தெரியாது. மெருகேறிய பொருளின் விளிம்பு தன் பின்னணியின் நிறத்தையே ஏற்கும். பின்னணி வெளிறியிருந்தால் விளிம்பும் வெளிறி, சில இடங்களில் பின்னணியோடு கரைந்தே போக வேண்டும். அந்தக் கரைதலுக்கு அஞ்ச வேண்டாம்.

எந்த மென்பொருள் வேண்டும்?

லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஓவிய அடுக்கு), மாஸ்க் (ஓர் அடுக்கின் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை), பிளெண்டிங் மோட் (ஓர் அடுக்கு அடியிலுள்ளதோடு கலக்கும் முறை) ஆகிய மூன்றும் உள்ள எதுவும் போதும். போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். காசு கொடுக்க வழியில்லாதவர்களுக்கு கிம்ப், கிருத்தா ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றில் கையால் வரைவதற்கு கிருத்தாவின் பிரஷ்களே எனக்குப் பிடித்தவை. கீழே நான் சொல்லும் கட்டளைப் பெயர்கள் போட்டோஷாப்புக்கு உரியவை.

லேயர்களை எந்த வரிசையில் அடுக்குவது?

அடியில் பொருளின் வெளிவடிவத்தை ஒரே நடுத்தரச் சாம்பலில் நிரப்பிய லேயர். அதன்மேல் வருபவை எல்லாம் அதற்குக் கிளிப்பிங் மாஸ்க்காகக் கட்டப்பட வேண்டும். அப்போதுதான் வண்ணம் வெளியே வழியாது. முதலில் பிரதிபலிப்புப் பட்டைகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரையுங்கள். அதற்கு மேல் ஓவர்லே மோடில், 50 விழுக்காட்டுச் சாம்பலால் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதில் வெளுக்கவைக்கும் டாட்ஜ், கறுக்கவைக்கும் பர்ன் கருவிகளால் ஏற்றமும் இறக்கமும் செய்யலாம். அந்தச் சாம்பல் ஓவர்லேயில் கண்ணுக்கே தெரியாது என்பதால், செய்தது பிடிக்காவிட்டால் மறுபடி சாம்பலை நிரப்பி அழித்துவிடலாம்; அடியிலுள்ள ஓவியத்துக்குச் சேதமில்லை.

நிறத்தைக் கடைசியில் கிரேடியண்ட் மேப் வழியாக, அதாவது இருட்டு முதல் வெளிச்சம்வரை ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு நிறம் தரும் கட்டளை வழியாக, ஏற்றுவதே என் பழக்கம். ஒரே கறுப்பு வெள்ளைக் குவளை, கிரேடியண்ட் மேப்பை மாற்றினால் பித்தளையாகும், செம்பாகும், வெள்ளியாகும். குவளையின் ஒளி நிழல் சரியாக இல்லாவிட்டால் எதுவாகவும் ஆகாது என்பதும் அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

மின்னலுக்காக, அடியிலுள்ளதைப் பிரகாசமாக்கும் கலர் டாட்ஜ் லேயர் ஒன்றை உச்சியில் சேர்ப்பவர்கள், அது முழுக் கறுப்பின் மேல் ஒன்றும் செய்யாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நடுச்சாயல்களில்தான் அது பற்றிக்கொள்ளும், அங்கும் எளிதில் அளவு மீறும்.

உலோகத்தின் மேல் நிழல் விழுமா?

கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் நான் பார்க்கும் ஓவியங்களில் பாதி தவறுவது இதில்தான். கண்ணாடி போல மெருகேற்றிய வெள்ளித்தட்டின் மேல் விரலை நீட்டிப் பாருங்கள். தட்டில் விரலின் நிழலை நீங்கள் காண்பது அரிது. விரலின் பிம்பத்தைக் காண்பீர்கள். நிழல் என்பது சிதறும் ஒளி குறைவதால் தெரிவது. சிதறலே இல்லாத பரப்பில் அது பதிய இடமில்லை. ஆகவே வெள்ளித்தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்து வரையும்போது, வெற்றிலைக்கு அடியில், கறுக்கவைக்கும் மல்டிப்ளை லேயரில் கறுப்பைத் தூவுவதைவிட, வெற்றிலையைத் தலைகீழாகத் திருப்பி, மங்கலாக்கி, தட்டில் அதன் பிம்பமாகப் பதிப்பதே சரி. தட்டு பழையதாகி, நுண்ணிய கீறல்களால் மங்கியிருந்தால் இலேசான நிழலும் சேரும். அப்போது இரண்டும் வேண்டும்.

உலோகப் பொருள் தரையில் வீழ்த்தும் நிழல் வழக்கம்போலவே விழும். பொருளும் தரையும் தொடும் இடத்தில் அது கூர்மையாகவும் மிக இருண்டும் இருந்து, விலக விலகக் கலையும். அதோடு, உலோகம் திருப்பியனுப்பும் ஒளி மேசையில் வளைந்த வெளிச்சக் கோடுகளாக விழுவதையும் சேர்த்துவிட்டால் கண் உடனே நம்பிவிடும். வெயிலில் வைத்த குவளைக்குள் எட்டிப் பார்த்தால், தேநீரின் மேல் இரண்டு வில்கள் கூர்முனையில் சந்திப்பது போன்ற ஓர் ஒளிக்கோடு தெரியும். வெளுக்கவைக்கும் ஒரு சிறிய ஸ்கிரீன் லேயரில் இரண்டு நிமிட வேலை அது.

நான் போடும் தங்கம் ஏன் கடுகு அரைத்த நிறத்தில் வருகிறது?

தங்கத்தின் நிழற்பகுதிக்கு மஞ்சளில் கறுப்பைக் கலப்பதால். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை எட்டிப்பார்க்கும், பொன் பாசியாகிவிடும்.

தங்கத்தின் இருண்ட பகுதிகள் சிவப்புப் பக்கமாகச் சாய வேண்டும். ஏன் என்பதை ஓர் ஆரத்தின் மடிப்புக்குள் ஒளி என்ன செய்கிறது என்று பார்த்தால் புரியும். ஒளி ஒரு மணியில் பட்டு, பக்கத்து மணிக்குத் தாவி, அங்கிருந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் தங்கம் நீலத்தில் பெரும்பகுதியையும் பச்சையில் கொஞ்சத்தையும் விழுங்கிக்கொள்கிறது. சிவப்பை அப்படியே விட்டுவிடுகிறது. வெள்ளை ஒளி ஒருமுறை பட்டால் 255, 226, 157. இருமுறை பட்டால் ஏறத்தாழ 255, 201, 95. மும்முறை பட்டால் 255, 178, 55. வெளிறிய மஞ்சள் பொன்னிறமாகி, பொன்னிறம் செம்மஞ்சளாகிறது. நுணுக்க வேலைப்பாடுள்ள நகை தட்டையான தங்கத் தகட்டைவிட ‘அதிகத் தங்கமாக’த் தெரிவது இதனால்தான். ஆகவே தங்கத்துக்கான கிரேடியண்ட் மேப்பில் கறுப்புக்கு அடுத்த நிறுத்தம் அடர்ந்த செம்பழுப்பாகவும், அடுத்தது செம்மஞ்சளாகவும், அதன்பின் பொன்னாகவும், உச்சம் வெண்மஞ்சளாகவும் இருக்கட்டும். தூய வெள்ளை, விளக்கின் பிம்பத்தில் மட்டுமே வரலாம்.

நம் ஊர் நகைக்கடைகளில் 916 என்று சொல்லும் 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடே தங்கம். மீதியாகச் செம்பு கூடுதலாகச் சேர்ந்தால் நிறம் சற்றுச் சிவக்கும், வெள்ளி கூடுதலாகச் சேர்ந்தால் வெளிறும். மணமகளின் படத்தில் நகையைத் திருத்தும்போது அருகில் உள்ள பட்டுப்புடவையின் நிறத்தையும் தங்கத்துக்குள் ஏற்ற மறக்காதீர்கள். அரக்குச் சிவப்புப் புடவைக்கு மேல் கிடக்கும் ஆரம், அந்தச் சிவப்பைத் தன் கீழ்ப்பாதியில் சுமந்தே தீரும்.

திரையில் தங்கம் போலிருந்தது, அச்சில் மஞ்சள் பூசியது போல் வந்துவிட்டது. என்ன செய்வது?

எனக்கும் நேர்ந்தது. ஒரு கோயில் திருவிழாவுக்கு ஆறடி வேல் ஒன்றைப் பதாகையில் வரைந்து, ஆர்.ஜி.பி. நிலையிலேயே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பதாகையைப் பிரித்துப் பார்த்த பெரியவர், “தம்பி, வேலுக்கு யாரு மஞ்சள் தடவினது?” என்று கேட்டார். தவறு அச்சகத்துடையது அன்று, என்னுடையது. திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்புகிறது. நான்கு மைகளால் எட்ட முடியாத பிரகாசத்தை நம்பி நான் வேலினை மின்ன வைத்திருந்தேன்.

தொடக்கத்திலேயே, அச்சின் நான்கு மைகளில் படம் எப்படி வரும் என்று காட்டும் சி.எம்.ஒய்.கே. முன்னோட்டத்தை வைத்துக்கொண்டு வரைவதே தீர்வு. அச்சில் தங்கத்தைக் காப்பாற்றுவது மஞ்சளின் பிரகாசம் அன்று, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள தூரம். ஆகவே இருண்ட பட்டைகளைத் துணிந்து இருட்டாக்குங்கள். உண்மையாகவே மின்ன வேண்டுமென்றால், அழைப்பிதழ்களில் செய்வதுபோல் தங்க நிற மென்தகட்டை வெப்பத்தில் ஒட்டும் அச்சுமுறை இருக்கிறது. அதற்கு வடிவத்தை ஒற்றைக் கறுப்பில் தனிக்கோப்பாகக் கொடுத்தால் போதும், நீங்கள் ஒளியும் நிழலும் வரையவே வேண்டாம்.

பத்துமலை முருகன் சிலையை வரையும்போதும் இதே முறைதானா?

இல்லை. 2006இல் திறக்கப்பட்ட, 42.7 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை இரும்புக்கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு கட்டி, மேலே தங்க நிறப் பூச்சு அடித்தது. இத்தகைய பூச்சில் நுண்ணிய உலோகத் துகள்கள் பிசினுக்குள் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் கண்ணாடி என்றாலும், ஒவ்வொன்றும் சற்றே வேறு திசையில் சாய்ந்திருப்பதால் பிம்பம் கலைந்து வெறும் பளபளப்பாக மிஞ்சுகிறது. எனவே சிலையின் மேல், அருகே குகைக்கு ஏறும் 272 படிகளின் பிம்பத்தையோ குன்றின் பிம்பத்தையோ தெளிவாக வரையக்கூடாது. அகன்ற, மென்மையான ஹைலைட்டும் (உச்ச வெளிச்சத் திட்டும்), பந்து வரைவது போன்ற சாயல் மாற்றமும் இங்கே பொருந்தும். கடுமையான பட்டைகளைப் போட்டால் சிலை குரோமியம் பூசிய பொம்மையாகிவிடும். பல வாழ்த்து அட்டைகளில் அந்த விபரீதத்தைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளி, எவர்சில்வர், அலுமினியம், பியூட்டர் எல்லாமே சாம்பல்தானே? எப்படி வேறுபடுத்துவது?

நிறத்தால் வேறுபடுத்துவது கடினம்; பிரகாசத்தாலும் மெருகாலும் வேறுபடுத்தலாம். வெள்ளி விழும் ஒளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் திருப்புவதோடு, மிக மெல்லிய வெதுவெதுப்பான சாயலும் கொண்டது. அதில் வெண்மை ஓங்கியிருக்கும், மடிப்புகளில் மட்டும் வெள்ளி சல்ஃபைடு படிந்து கறுத்திருக்கும். அந்தக் கறுப்பைச் செதுக்கு வேலையின் பள்ளங்களில் வைத்தால்தான் அது வெள்ளி. எவர்சில்வரின் பிம்பம் அதைவிடக் குறைந்த பிரகாசத்தில், குளிர்ந்த சாம்பலில் நிற்கும். அலுமினியம் வெள்ளிக்கு நிகராகத் திருப்பினாலும், நாம் புழங்கும் அலுமினியச் சட்டிகள் பெரும்பாலும் மங்கிச் சொரசொரத்திருப்பதால், பிம்பம் இல்லாத பரந்த வெளிறலாகவே வரையப்பட வேண்டும்.

பியூட்டர் நம் ஊருக்கே உரிய பொருள். வெள்ளீயச் சுரங்கங்களால் வளர்ந்த இந்த நகரில் 1885இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் இன்றும் அதில் கோப்பைகளும் தட்டுகளும் செய்துவருகிறது. பெரும்பங்கு வெள்ளீயத்தோடு சிறிதளவு செம்பும் ஆண்டிமணியும் சேர்ந்த கலவை அது; பட்டுத்துணி போன்ற மங்கிய மெருகுதான் அதன் அழகு. பட்டைகளை வழக்கம்போல் வரைந்து, காஸியன் பிளர் கொண்டு ஓரங்களைக் கலைத்து, உச்ச வெளிச்சத்தை 225ஐத் தாண்டாமல் வைத்தால் பியூட்டர் கிடைக்கும். ஹைலைட் பரவும்போது அதன் பிரகாசம் குறைய வேண்டும் என்பது சொரசொரப்பான எல்லா உலோகத்துக்கும் பொது விதி: அதே அளவு ஒளி அகன்ற இடத்தில் பங்கிடப்படுகிறது.

சாம்பலைச் சாம்பலாகவே விட்டுவிடுவதுதான் இந்த உலோகங்கள் அனைத்துக்கும் பொதுவான பிழை. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 452 மீட்டர் உயரத்துக்கு எவர்சில்வரும் கண்ணாடியும் போர்த்திய அது காலையில் வெளிறிய நீலம், மழைக்கு முன் ஈயக் கறுப்பு, அந்தியில் செம்மை. பினாங்கில் தைப்பூச விழாவில் தண்ணீர்மலைக்குச் செல்லும் வெள்ளி ரதத்தையும், 2017 முதல் வலம்வரும் தங்க ரதத்தையும் இரவு விளக்குகளின் கீழே பார்த்தவர்களுக்கு, இரண்டிலும் ஒரே நீல, சிவப்பு விளக்குகள் எவ்வளவு வேறாகத் தெரிகின்றன என்பது நினைவிருக்கும். வெள்ளி எல்லா நிறத்தையும் அப்படியே திருப்பும்; தங்கத்தில் நீல விளக்கு செத்துப்போகும்.

மின்தூக்கிக் கதவில் இருப்பது போன்ற இழையோடிய உலோகத்தை எப்படிச் செய்வது?

சாம்பல் லேயரில், புள்ளிகளைத் தூவும் ஆட் நாய்ஸ் கட்டளையை மோனோகுரோமேட்டிக் (நிறமில்லாப் புள்ளி) தெரிவோடு இட்டு, அதன்மேல் ஒரு திசையில் இழுத்து மங்கலாக்கும் மோஷன் பிளரை இழை ஓடும் திசையில் கொடுத்தால் இழை வந்துவிடும். ஆனால் இழை மட்டும் வந்தால் அது சாம்பல் நிற மரப்பலகை. இழைகளின் மேல் விழும் ஹைலைட், இழைக்குக் குறுக்காக நீளும் என்பதை அறிந்து வரைந்தால்தான் உலோகமாகும். கிடைமட்டமாக இழையோடிய கதவில் விளக்கின் வெளிச்சம் மேலும் கீழுமாக ஒரு தூண் போல நீண்டு நிற்கும். வட்டமாகத் தேய்த்த மூடி, சட்டியின் அடிப்பாகம் ஆகியவற்றில் ரேடியல் பிளரைச் சுழல் முறையில் பயன்படுத்துங்கள். ஹைலைட் மையத்திலிருந்து இருபுறமும் விரியும் விசிறியாக விழும். கோண வடிவக் கிரேடியண்டில் இரண்டு வெளிச்சம், இரண்டு இருட்டு என மாற்றி மாற்றி வைத்தால் அந்த விசிறி நொடியில் வரும்.

கீறல், துரு, களிம்பு?

கீறல் ஒரு பள்ளம். அதற்கு இரண்டு கரைகள். ஒளி மேலிருந்து வந்தால் பள்ளத்தின் கீழ்க்கரை வெளுக்கும், மேல்கரை கறுக்கும். ஒரு பிக்சல் வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒரு பிக்சல் கறுப்புக் கோடு போதும். வரிசையை மாற்றினால் அது பள்ளமாக இல்லாமல் புடைப்பாகிவிடும். கீறல்களைத் தூவிவிடாமல், கை படும் இடம், தரையில் உரசும் இடம், மூடி திறக்கும் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் வையுங்கள்.

துரு என்பது இரும்பு அல்ல, இரும்பின் ஆக்சைடு. அது உலோகத்தைப் போல் ஒளியைத் திருப்பாது. மண்ணைப் போல் சிதறடிக்கும். எனவே துருப் படிந்த இடத்தில் பிரதிபலிப்பு லேயரை மாஸ்க் வைத்து முழுவதுமாக மறைத்துவிட்டு, பிறகு செம்பழுப்பைப் பூச வேண்டும். பளபளக்கும் துருவை வரைபவர்கள் இந்த ஒரு படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். செம்பிலும் பித்தளையிலும் படியும் பச்சைக் களிம்புக்கும் இதே முறை. புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கில், கை எட்டாத வளையங்களின் இடுக்கில் மட்டும் கருமையும் களிம்பும் மிஞ்சியிருப்பதைப் பூசையறையில் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

எழுத்துகளை உலோகமாக்க பெவல் அண்ட் எம்பாஸ் போதாதா?

எழுத்தைப் புடைப்பாகக் காட்டும் அந்த ஆயத்த ஸ்டைல் அவசர வேலைக்குப் போதும். ஆனால் அதன் இயல்பான அமைப்பில் எல்லா எழுத்துக்கும் ஒரே வெள்ளையும் ஒரே கறுப்பும் விழுவதால் சோப்புக்கட்டி போலத் தோன்றும். அதில் பளபளப்பின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கும் குளாஸ் காண்டூரை மேலும் கீழும் ஏறியிறங்கும் வளைவாக மாற்றினால் பட்டைகள் உண்டாகி உலோகம் தலைகாட்டும். பல லேயர்களில் ஸ்டைல் இடும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே ஒளித்திசை தரும் குளோபல் லைட் தெரிவை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு சூரியன் உதிக்கும். தமிழ் எழுத்துகளின் சுழிகள் இந்த வேலைக்கு வரப்பிரசாதம்: ‘ண’வின் சுழிகளில் ஒளி வளைந்து ஓடும் அழகு நேர்கோடுகளால் ஆன எழுத்துகளுக்கு வாய்க்காது. மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் தனி லேயரில் எடுத்து அரைக்கோளமாகக் கையால் வரையுங்கள்.

நட்சத்திரம் போல மின்னும் கீற்றுகளைச் சேர்க்கலாமா?

ஒரு படத்தில் ஒன்று. நகைக்கடை விளம்பரம் என்றால் இரண்டு.

சாயல் மாறும் இடங்களில் படிக்கட்டு போல வரிகள் தெரிகின்றனவே?

8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. அகன்ற பரப்பில் மெல்ல மாறும் சாயலுக்கு அவை போதாமல் போகும்போது வரி தெரியும். 16 பிட்டில் வரையத் தொடங்குங்கள். இறுதியில் 1 விழுக்காடு நாய்ஸ் சேருங்கள்.

எதை வரைந்து பழகலாம்?

குத்துவிளக்கு. அதன் தண்டு உருளை, நடுவே உருண்டைகள், அடியில் விரிந்த வட்டத்தட்டு, மேலே எண்ணெய்க் குழி என எல்லா வடிவமும் அதில் இருக்கின்றன. உருண்டையில் நேரெதிரே உள்ள பாதி உலகம், ஆரத்தின் 71 விழுக்காடு கொண்ட நடுவட்டத்துக்குள் அடங்கும். தரை கீழ்ப்பாதியிலும் கூரை மேல்பாதியிலும் தெரிய, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருண்ட வளைகோடு ஓடும். விளக்கை ஏற்றாமல் சன்னலருகே வைத்து முதலில் வரையுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு திரியை ஏற்றி வரையுங்கள். அவ்வப்போது கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணல் தெரியும். உச்சியில் கலர் மோடில் கறுப்பு லேயர் ஒன்றை வைத்தால் நிறம் மறைந்து ஒளி நிழல் மட்டும் தெரியும். இரண்டாவது ஓவியத்தில் ஒவ்வொரு வளையத்திலும் சுடர் ஒருமுறை தலைநீட்ட வேண்டும். குழியில் நிற்கும் எண்ணெயில் அது தலைகீழாக எரிய வேண்டும். வகுப்புக்கு வரும்போது அந்த இரண்டு கோப்புகளையும் லேயர்களை இணைக்காமல் கொண்டுவாருங்கள்.